அலையை நிறுத்திய விரல்

“காலால மிதிக்கதா? ஏட்டி, அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வச்சிருக்கேன்ட்டி. சரஸ்வதிட்டி அது.”

“தையல் மிஷினுக்கும்தான் சந்தனம் வைக்கோம். அதத் தெனமும் காலாலதான மிதிக்கேன். சரஸ்வதி கோவிச்சுக்கிட்டு ஒங்கிட்ட வந்து சொன்னாளா?”

“அது மிஷின். இது வித்தை.”

“வித்தைன்னா ஏன் ஒருத்தருக்கும் ஓட்ட வரமாட்டேங்கு?”

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை சாயங்காலம். சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் வற்றல் காயப்போட யாரும் வாசலுக்கு வருவதில்லை. அன்றைக்கென்னவோ நாலு வீட்டில் வற்றல் தட்டோடு வந்து நின்றார்கள். குற்றாலநாதன் வீட்டில் சண்டை என்பது அதிசயமில்லை. ஆனால் அது எப்போதும் அவனுக்கும் அவன் பெண்டாட்டி சாவித்ரிக்கும் நடக்கிற சண்டை. தங்கை குழல்வாய்மொழியின் குரல் வாசல் தாண்டி யாரும் கேட்டதில்லை. கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் சொல்லும்போதே பட்டர் இரண்டு தரம் திருப்பிக் கேட்பார். அப்படிப்பட்டவள் கத்துகிறாள் என்றால் வற்றல் நனைந்தாலும் பரவாயில்லை.

சண்டைக்குக் காரணம் ஒரு காலிங் பெல் சுவிட்ச். அதற்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர்.

குற்றாலநாதனுக்குப் பாலிடெக்னிக் ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை. அங்கே ஆசிலோஸ்கோப் என்று ஒரு பெட்டி உண்டு. கம்பியில் மின்சாரம் ஏறி இறங்குவதைத் திரையில் அலை அலையாக வரைந்து காட்டும். ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு அது டாக்டர் காதில் மாட்டுகிற குழாய் மாதிரி. ஆனால் தென்காசியில் எந்த மெக்கானிக்கும் அதன் விலைக்குக் கிட்டே போக முடியாது. பாலிடெக்னிக்கிலேயே அதை இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும்தான் பீரோவிலிருந்து எடுப்பார்கள்.

சாவித்ரியின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்தார், பிள்ளைகள் படிக்கட்டும் என்று. வெறும் விசைப்பலகைதான், டிவியோடு மாட்டிவிட்டால் எழுத்து தெரியும். பிள்ளைகள் அதைத் தொட்டது அந்த ஒரு நாள்தான். மறுநாளே குற்றாலநாதன் அதைத் திறந்து, உள்ளே ஏதோ அட்டையைப் பற்றவைத்து, ஒரு புரோகிராமும் எழுதிவிட்டான். டிவியே ஆசிலோஸ்கோப் ஆகிவிட்டது. புரோகிராம் கேசட்டில் இருந்தது. டேப் ரிக்கார்டரில் போட்டால் கீச்சென்று கத்திக் கத்தித்தான் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் பூனை ஒன்று மாட்டிக்கொண்டது என்று ஓட்டின்மேல் ஏறித் தேடினார்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அலை நிற்காது. திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால்தான் அதில் எங்கே கோணல் என்று பார்க்க முடியும். நிறுத்துவதற்கு விசைப்பலகையில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கட்டையைத் தட்டி, அம்புக்குறியால் ஏற்றி இறக்கி, ஓடுகிற பஸ்ஸில் தொற்றுவதுபோல நேரம் பார்த்து மூன்றாவதைத் தட்ட வேண்டும்.

அதைத் தட்டியது குழல்வாய்மொழி. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திறந்து வேலை பார்க்கிற யாரும் இரண்டு கையையும் உள்ளே விடமாட்டார்கள். விட்டால் கரண்ட் ஒரு கை வழியாக ஏறி நெஞ்சைத் தொட்டுவிட்டு மறு கை வழியாக இறங்கும். வலது கையில் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற சோதனைக் கம்பி, இடது கை முதுகுக்குப் பின்னால் வேட்டி மடிப்பில் செருகியிருக்கும். குற்றாலநாதனும் அப்படித்தான் நிற்பான். ஹாலில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற தங்கையைப் பார்த்து “ஏட்டி, நிறுத்து” என்பான். அவள் எழுந்து வந்து தட்டுவாள். அலை நிற்கும். போகப்போக அவன் சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. கம்பி எந்த இடத்தில் தொடுகிறது என்று பார்த்தே அவள் விரல் போய்விடும். தன் புரோகிராம் ரொம்ப எளிது என்று குற்றாலநாதன் நம்பியது இப்படித்தான்.

எளிது இல்லை என்று முதலில் சொன்னவன் காஜா. குற்றாலத்தில் மைக் செட் கடை. சீசன் நேரத்தில் அருவிக்கரையில் ஆளைக் காணோம், பையைக் காணோம் என்று அலறுவதெல்லாம் அவன் குழாய் ஸ்பீக்கர்தான். அடக்கமாகப் பேசத் தெரியாதவன். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு வருவான், கம்ப்யூட்டர் பெட்டியைப் பரீட்சை பார்ப்பான், ஒரு குறை சொல்லிவிட்டுப் போவான். குற்றாலநாதன் விடியும்முன் அதைச் சரிசெய்துவிடுவான்.

எழுத்து சின்னதாக இருக்கிறது என்றான் காஜா. பெரிதாக்க ஒரு கட்டளை சேர்த்தான் குற்றாலநாதன். அதை இங்கிலீஷில் முழுசாக டைப் அடிக்க வேண்டும். கட்டையெல்லாம் மறந்துபோகிறது என்றான். அத்தனையையும் விளக்குகிற ஒரு பக்கம் சேர்த்தான்; அது வந்து அலையை மறைத்துக்கொண்டது. மறைக்கிறதே என்றான். மறைப்பதை மறைக்க இன்னொரு கட்டை வந்தது.

“அண்ணாச்சி, போன மாசம் எனக்கு நாலு கட்டை தெரியாம இருந்துச்சு. இப்ப எத்தனை தெரியலைங்கதே தெரியலை” என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். தெரு சிரித்தது. குற்றாலநாதனும் சிரித்துவிட்டு உள்ளே போய்க் கேசட்டைப் போட்டான். பூனை கத்தியது.

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும், பால்வண்ணநாதன் குறுக்கே வராமல் இருந்தால். குத்துக்கல்வலசைக்காரர், பெங்களூரில் மீட்டர் செய்கிற கம்பெனியில் பெரிய வேலை. சீசனுக்கு வருஷம் தவறாமல் குளிக்க வருவார். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தவரிடம் குற்றாலநாதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லிவிட்டான். எண்ணெய் தேய்க்கிறவன் முதுகில் இருந்ததால் அவரால் எழுந்து போகவும் முடியவில்லை. கடைசியில், “ஒரு மெக்கானிக் தனியா ஓட்டிக் காட்டட்டும். பாக்கேன். ஓடிச்சுன்னா எங்க முதலாளிகிட்டச் சொல்லுதேன்” என்றார். ஞாயிற்றுக்கிழமை, காஜா கடையில் என்று பேச்சு.

அன்றிரவு சாப்பாட்டில் குற்றாலநாதன் தங்கையிடம் சொன்னது தெருவில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். “இது மட்டும் ஓடிச்சுன்னா பெங்களூர்ல எனக்கு ஒரு நாற்காலி, ஒனக்கு ஒரு நாற்காலி. ரூர்கேலாக்காரனுக்கு வேற எடம் பாத்துக்கிடச் சொல்லிருதேன்.”

ரூர்கேலாக்காரர் பெயர் சங்கரசுப்பிரமணியன். இரும்பு ஆலையில் வேலை, முதல் தாரம் தவறிவிட்டது, சாவித்ரிக்குத் தூரத்துச் சொந்தம். குழல்வாய்மொழியைப் பெண் கேட்டு, ஆவணிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார். குழல்வாய்மொழிக்கு இருபத்தாறு என்று வீட்டில் சொன்னார்கள். தெரு இருபத்தொன்பது என்றது. உண்மை நடுவில் எங்கோ இருந்தது. அந்த நாற்காலியை அவள் மனசில் போட்டு உட்கார்ந்தே பார்த்துவிட்டாள். எதிரே ஒரு திரை, அதில் ஓடுகிற அலை, நிறுத்த அவள் விரல், மாதம் பிறந்தால் சம்பளம். அவளுக்கு இதற்கு முன்னால் யாரும் எதையும் இப்படிக் கொடுப்பதாகச் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தச் சுவிட்ச். தனியாக நிற்கிற காஜாவுக்கு ஒரு கையில் கம்பி, ஒரு கை முதுகில். கட்டையைத் தட்ட எதைக்கொண்டு போவான்? கால்தான் சும்மா கிடக்கிறது. காலிங் பெல் சுவிட்ச் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் கோர்த்துத் தரையில் போட்டு, அதை மிதித்தால் அலை நிற்கிறமாதிரி புரோகிராமில் எழுது. மற்ற கட்டளை எல்லாவற்றையும் தூக்கிப் போடு. இதைத்தான் அவள் சொன்னாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து, தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பெட்டியை மிதிக்கச் சொல்லுகிறாளே என்று குற்றாலநாதன் பதறிவிட்டான்.

“பெங்களூர்க்காரர் முன்னால அத மிதிச்சுக் காட்டச் சொல்லுதியா? என்னைய என்னன்னு நினைப்பாரு?”

“ஓடுதுன்னு நினைப்பாரு.”

“தட்டுதது ஒன் வேலை. யோசிக்கது என் வேலை. போயி மிஷின்ல ஒக்காரு.”

நடுவில் சாவித்ரி கரண்டியோடு வந்தாள். “நீங்க காலால மிதிங்க, தலையால முட்டுங்க. ஞாயித்துக்கெழம காலைல டிவியத் தூக்கிட்டுப் போனா தெருக்காரிய என்னைய உயிரோட விடுவாளுகளா?”

அது நியாயமான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை காலை இந்தித் தொடருக்குத் தெருவில் பாதி அந்த வீட்டு ஹாலில்தான் உட்காரும். இந்தி ஒரு எழுத்து தெரியாது. யார் அழுகிறார்கள் என்று பார்த்துச் சேர்ந்து அழுதுவிட்டு எழுந்து வருவார்கள். வற்றல் தட்டுகள் அந்த நிமிஷமே உள்ளே போயின. சண்டையின் சுவாரசியம் போய்விட்டது. இனி அது சொந்த நஷ்டம்.

சனிக்கிழமை குற்றாலநாதன் கடைசித் திருத்தம் செய்தான். யாரும் குழம்பாமல் இருக்க, எல்லாக் கட்டளைகளையும் கலர் கலராக ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்தி, மேலே நல்வரவும் எழுதிவைத்தான்.

ஞாயிறு காலை டிவி தலையணைக்கு நடுவில் வாடகைக் காரில் ஏறிற்று. தெரு வாசலில் நின்று பார்த்தது. ஒருத்தரும் நல்லபடியாகப் போய்வா என்று சொல்லவில்லை. குழல்வாய்மொழியை அவன் கூப்பிடவில்லை. மெக்கானிக் தனியாக ஓட்ட வேண்டும் என்பதுதானே பேச்சு. போதாதற்கு மைக் செட் கடையில் லுங்கிக் கூட்டம். ஆனால் டிவி இல்லாத வீட்டில் என்ன செய்ய என்று சாவித்ரியே கிளம்பினாள். “வாட்டி, அருவிலயாவது போயி நிப்போம்” என்று நாத்தியையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

குளித்துவிட்டு ஈரத் தலையோடு இருவரும் கடைத்தெருவுக்கு வந்தபோது காஜா கடை வாசலில் கூட்டம். அருவிக்கரைக் குழாய்கள் எல்லாம் கொர்ர் என்று இரைந்துகொண்டிருந்தன. மேலகரத்திலிருந்து வந்த யாரையோ அவர் பெண்டாட்டி தேடுகிறாள் என்று அறிவிப்பு. இரைச்சலில் தேடுவது யார், காணாமல் போனது யார் என்றே புரியவில்லை. எதிர்ப்பக்கம் மங்குஸ்தான் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள் குழல்வாய்மொழி. அங்கிருந்து டிவி தெளிவாகத் தெரிந்தது.

பால்வண்ணநாதன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், தலையில் துண்டு. காஜா இடது கையைப் பின்னால் லுங்கிக் கட்டில் செருகிக்கொண்டு, வலது கையால் கம்பியை அந்தக் குழாய்களுக்கான ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்தான். திரையில் அலை ஓட ஆரம்பித்தது.

“இப்ப நிறுத்துங்க பாய்” என்றார் பால்வண்ணநாதன்.

“நிறுத்தலாம். எதால நிறுத்த?”

“கட்டைய அமுக்குலே” என்றான் குற்றாலநாதன். பதற்றத்தில் மரியாதை போய்விட்டது.

“கம்பிய விட்டா அலை போயிரும். இந்தக் கைய எடுத்தா ஆளு போயிருவேன். நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, எது போணும்?”

கூட்டம் சிரித்தது. காஜா குனிந்து முகவாயால் அழுத்திப் பார்த்தான். இரண்டு கட்டை சேர்ந்து அமுங்கி, கலர் பக்கம் வந்து நல்வரவு சொன்னது. அதை மறைக்கப் போய் விளக்கப் பக்கம் வந்தது. அதற்குப் பின்னால் எங்கேயோ அலை ஓடிக்கொண்டிருந்தது. குற்றாலநாதன் எட்டி ஒரு கட்டையைத் தட்டினான். “நீங்க தொடாதீங்க” என்றார் பால்வண்ணநாதன். தட்டியும் நிற்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் காஜா ரோட்டைப் பார்த்தான். “அந்தா நிக்குல்லா நம்ம தங்கச்சி. கூப்பிடுங்க அண்ணாச்சி. அது வந்து தட்டுனா நின்னுரும்.”

எல்லாத் தலையும் திரும்பின. சாவித்ரி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். “போகாதட்டி. ஆம்பளைய நிக்காவ.”

போகக்கூடாது என்று குழல்வாய்மொழிக்கும் தெரியும். போகாவிட்டால் அலை நிற்காது. போனால் நின்றுவிடும், ஆனால் தனியாக ஓட்டியதாக ஆகாது. எப்படிப் பார்த்தாலும் நாற்காலி ஆடியது. ஆனால் அவள் கண் திரையிலேயே இருந்தது. ஓடுகிற அலையைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்று அவள் விரலுக்குப் பழக்கமில்லை. ஈரச் சேலையோடு ரோட்டைத் தாண்டினாள்.

கலர் பக்கத்தை அவள் பார்க்கவே இல்லை. எதையோ பிடித்து, எதையோ தட்டி, காஜாவின் கையை ஒருமுறை பார்த்தாள். அலை நின்றது. வரைந்து மாட்டின படம் மாதிரி நின்றது. அதன் முதுகில் கூனாக ஒரு மேடு.

“இந்தா, கண்டென்சர் போயிருக்கு” என்றான் காஜா. மெயினை அணைத்து, பழையதைப் பிடுங்கி, வேறு ஒன்றைப் பற்றவைத்துத் திரும்பப் போட்டான். இரைச்சல் போயிற்று. அருவிக்கரை முழுக்க, மேலகரத்துக்காரரை அவர் பெண்டாட்டி ஆண்கள் குளிக்கிற பக்கத்துப் படியருகில் வரச்சொல்கிறாள் என்பது அட்சரம் பிசகாமல் கேட்டது. கூட்டத்தில் இரண்டு பேர் கையே தட்டினார்கள்.

பால்வண்ணநாதன் ஸ்டூலை விட்டு எழுந்தார். “பிரமாதம்மா” என்றார். பிறகு குற்றாலநாதனைப் பார்த்து, ரொம்பத் தன்மையாக, “பெட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டிக்கு ஒரு தங்கச்சிக்கு நான் எங்க போவேன்?” என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. குற்றாலநாதனும் சிரித்தான். அதற்கப்புறம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னதுதான் குழல்வாய்மொழி காதில் விழுந்தது. “கை ரெண்டும் வேலையா இருக்கு. கால் சும்மாதான இருக்கு, ஒரு சுவிட்ச் வச்சுப் பாக்கலாம்லா?”

“அதான் சார். அதேதான் நானும் நெனச்சேன்” என்றான் குற்றாலநாதன். “மிஷின்தான சார். வச்சிருவோம்.”

அவள் இரண்டடி தள்ளி நின்றாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கடைத் தரை நனைந்துகொண்டிருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சரஸ்வதி அன்றைக்கு ஊரில் இல்லை போலிருக்கிறது. “அடுத்த சீசன்ல பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் பால்வண்ணநாதன் பழக்கடைப் பக்கம் போய்விட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் வழியாகச் சாரல் உள்ளே அடித்தது. அவள் கண்ணாடியை இறக்கவில்லை. பழைய குற்றாலத்து ரோடு பிரிகிற இடம் தாண்டியதும் சொன்னாள்.

“மைனி, ரூர்கேலாக்காரங்களுக்குச் சரின்னு எழுதிருங்க.”

சாவித்ரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பதிலுக்காக அவள் வேண்டாத சாமியில்லை. ஆனால் வந்த விதம் பிடிக்கவில்லை. “அவசரப்படாதட்டி. ஒங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்த கேளு. நீ போயிட்டா அந்தப் பெட்டிய யாரு தட்டுவா?”

“அதுக்குத்தான் கால் இருக்கே.”

வீட்டில் அண்ணன் கேட்டபோதும் இதே பதில்தான் என்று சாவித்ரி சொல்லித் தெருவுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு குற்றாலநாதன் காலிங் பெல் சுவிட்ச் ஒன்று வாங்கிவந்தான். அதற்கும் சந்தனம் வைத்துவிட்டுத்தான் தரையில் போட்டான். மிதிக்கலாம், நன்றாகவே மிதிக்கலாம். ஆனால் மிதித்ததும் கம்ப்யூட்டர் என்ன செய்ய வேண்டும் என்று புரோகிராமில் எழுத வேண்டுமே. இத்தனை நாளும் அலையை நிறுத்தியது எது, எதற்கு முன்னால் எது, எவ்வளவு நேரம் விட்டு எது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் எழுதிவைத்த முறைப்படி அவள் ஒருநாளும் தட்டியதே இல்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

“ஏட்டி, ஒருக்க தட்டிக் காட்டு. பைய தட்டு, நான் பாக்கேன்.”

தையலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பைய, ஒவ்வொன்றாகத் தட்டினாள். அலை நிற்கவில்லை. இன்னொரு தரம் தட்டினாள். அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“நீ எப்பமும் எப்படிட்டி தட்டுவ?”

“எனக்கென்ன தெரியும். யோசிக்கது ஒன் வேலைல்லா.”

வேண்டுமென்றே நிறுத்தவில்லை என்று தெருவில் பாதி சொன்னது. பைய தட்டச் சொன்னால் விரலுக்கு மறந்துபோகும் என்றது மீதிப் பாதி. சாவித்ரியைக் கேட்டதற்கு, “ரெண்டும்தான்” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மைக் செட் காஜாவுடையது. இரைச்சல் சுத்தமாக இல்லை. மறு சீசனுக்குப் பால்வண்ணநாதன் குளிக்க வரவில்லை. கம்பெனி மாறி ஹைதராபாத் போய்விட்டார் என்றார்கள். காஜா சவூதியில் தம்மாமுக்குப் போனான். அவன் கடையில் இப்போது நேந்திரங்காய் வற்றல் பொரிக்கிறார்கள். குற்றாலநாதன் பெட்டியைக் கைவிட்டதும் டிவி மறுபடி வெறும் டிவி ஆயிற்று, ஆனால் அதற்குள் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டதால் சாவித்ரி வீட்டுக்கு யாரும் அழப் போகவில்லை. குற்றாலநாதன் நாகர்கோவிலில் வேறு பாலிடெக்னிக்குக்கு மாறிக் குடும்பத்தோடு போய்விட்டான். கேசட்டில் பிள்ளைகள் ஏதோ பாட்டைப் பதிந்துவிட்டதாகக் கேள்வி.

குழல்வாய்மொழிக்குச் சீரோடு தையல் மிஷினும் போயிற்று. செங்கோட்டையிலிருந்து வந்த வண்டியில் அவசர அவசரமாக ஏற்றும்போது மிதிபலகை கழன்று தென்காசி ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. பின்னாலேயே அனுப்பிவைக்கிறேன் என்று ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான் குற்றாலநாதன். குற்றாலநாதன் இருந்த வீட்டில் இப்போது சுந்தரபாண்டியபுரத்துக்காரர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். அனுப்பாமலே போன பலகையைக் கிணற்றடியில் போட்டு, அதன்மேல் நின்று துணி துவைக்கிறார்கள்.